வேப்பங்கட்டையில் ஒரு களித் துடுப்பு: பிளப்பதிலிருந்து எண்ணெய் பூசுவது வரை

நான் முதலில் செய்த துடுப்பு ஒன்றரைக் களிதான் தாங்கியது. முதல் நாள் ஒழுங்காகக் கிண்டிக் கொடுத்தது. இரண்டாம் முறை மாவு வெந்து இறுகிக்கொண்டிருக்கும்போது ‘சடக்’கென்று கழுத்தில் ஒடிந்தது. பாதித் துடுப்பு களிக்குள் நட்டுக்கொண்டு நிற்க, காம்பு மட்டும் என் கையில் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “சந்தையில ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்டா” என்றார்.

ஒடிந்த துண்டைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தேன். மரம் மோசமில்லை, வைரம் பாய்ந்த வேம்புதான். கனத்திலும் குறைவில்லை. ஆனால் நார் காம்பின் நீளவாக்கில் ஓடாமல், கழுத்துக்கு வந்ததும் சரிந்து ஒரு ஓரமாக வெளியே போயிருந்தது. அந்தச் சரிவிலேயே, வாழைத்தண்டைச் சாய்த்து வெட்டினதுபோல, துடுப்பு இரண்டாகியிருந்தது. பலகைமேல் பென்சிலால் போட்ட கோட்டைப் பார்த்து அறுத்தேனே தவிர, பலகையைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு துடுப்பு செய்துவிட்டேன். எதுவும் ஒடியவில்லை. அப்படிச் செய்யும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். மரவேலை தெரியாதவர்களும் இரண்டு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். மரமும் எண்ணெயும் காய்வதற்கான நாட்கள் தனி.

துடுப்பு என்ன வேலை செய்கிறது

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக் களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கொதிக்கும் தண்ணீரில் நொய் வேக, அதன்மேல் மாவைக் குவித்துக் கொட்டி, சற்று நேரம் வேகவிட்டு, அப்புறம் பானையை இறக்கிவைத்துக் கிண்டுவார்கள். பானை சுழலாமல் கவைக்கோலால் அணைத்துக்கொள்வார்கள். கட்டி உடைய வேண்டுமானால் துடுப்பைப் பானையின் ஓரத்தில் சாய்த்து, நெம்புகோல்போல அழுத்தித் திருப்ப வேண்டும். கரண்டிக்கு வராத வேலை இது. எவர்சில்வர் கரண்டி காம்பில் வளையும்; கையும் சுடும்.

ஆக துடுப்புக்கு வரும் பாரம் எல்லாம் கழுத்தில்தான் விழுகிறது. கையில் பிடிப்பது காம்பு, களிக்குள் போகும் தட்டையான பகுதி முகம், இரண்டும் சேரும் இடம் கழுத்து. இனி இந்த மூன்று பெயரிலேயே சொல்லிப்போகிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மரச்சட்டத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் அது தாங்கும் பாரம் இரட்டிப்பாகும். வளையும் திசையில் உள்ள கனத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்காகும். அதனால் கழுத்து பார்க்க ஒல்லியாக இருக்கலாம். ஆனால் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் கனமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் பல துடுப்புகளில் இது தலைகீழாக இருக்கிறது. ஒரே தடிமன் பலகையில் உருவத்தை மட்டும் அறுத்து எடுத்துவிடுகிறார்கள்.

எந்த மரம்

வேம்பு என் முதல் தேர்வு. எங்கும் கிடைக்கும், உறுதியானது, எளிதில் பூச்சி அரிக்காது. புதிதில் ஒரு வாடை வரும். நான்கைந்து சமையலில் போய்விடும். இதன் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும். பின்னிய நார் இழைக்கும்போது பிய்த்துக்கொண்டு எரிச்சலூட்டும். ஆனால் செய்து முடித்த பிறகு அதே பின்னல்தான் முகத்தில் விரிசல் நீளாமல் பிடித்து நிறுத்துகிறது.

புளியமரம் இன்னும் உறுதி. கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் போடுவது அதைத்தான். நாள் முழுக்கக் கத்தி விழுந்தாலும் சிதறாத மரம் துடுப்புக்குப் போதாதா என்ன? ஆனால் கையால் செதுக்குகிறவருக்கு விரல் கழன்றுவிடும். இரண்டாவது மூன்றாவது துடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பலா நன்றாகச் செதுக்க வரும், மஞ்சள் நிறம் அழகு. தேக்கும் சரிதான், ஆனால் அதிலுள்ள மணற்சத்து கத்தியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். மாமரம் மலிவு, வேலைக்கு இணங்கும்; ஈரத்தில் கிடந்தால் கறுப்புப் படரும். வேலியோரச் சீமைக்கருவேலத்தைக்கூடப் பயன்படுத்தலாம். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் மரம் அது. நேரான ஒன்றரை அடி கிடைப்பதுதான் பெரும்பாடு. முள் குத்தினால் என்னைத் திட்டக் கூடாது.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அரளி, எட்டி, தில்லை, சேராங்கொட்டை: இந்த மரங்கள் எவ்வளவு நேராக, அழகாகக் கிடைத்தாலும் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது. ப்ளைவுட், எம்.டி.எஃப். பலகைகளில் பசை இருக்கிறது. பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டங்களும் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சரக்கு வரும் பேலட் கட்டைகளைச் சிலர் ஆசையாகப் பார்ப்பார்கள். அதில் ‘எச்.டி.’ என்று முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. வெப்பம் காட்டியதாகவே இருந்தாலும், வழியில் அதன்மேல் என்னென்ன கொட்டியது என்று யாருக்குத் தெரியும்? நான் தொடுவதில்லை.

நாரைப் படிப்பது

துடுப்பு நிற்பதும் ஒடிவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி.

மரத்தை ஒரு கட்டு வைக்கோலாக நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் இழுத்தால் அறுப்பது கடினம். பக்கவாட்டில் பிரிப்பது சுலபம். நார் காம்போடு நேராக ஓடினால் முழு வலிமையும் உங்களுக்குக் கிடைக்கும். 10 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் சாய்ந்து ஓடினால் வளைக்கும் விசையைத் தாங்கும் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 5 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்றால் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். நான் முதலில் செய்த துடுப்பில் சாய்வு அதைவிட மோசம்.

பலகையின் அகன்ற பக்கத்தில் தெரியும் ரேகைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை வளையமாக, அலையாக, அழகாக இருக்கும். பார்க்க வேண்டியது ஒரு அங்குலப் பக்கத்தை, அதாவது பலகையின் விளிம்பை. அங்கே ஓடும் கோடுகள் விளிம்புக்கு இணையாக இருக்கின்றனவா, மேலிருந்து கீழே இறங்கி வெளியேறுகின்றனவா என்று பாருங்கள். கோடு தெளிவாகத் தெரியவில்லையா? மை ஊற்றும் பேனாவால் ஒரு சொட்டு மை வையுங்கள். மை நாரின் வழியே மெல்லிய கோடாக ஊறும். அது போகும் திசைதான் நாரின் திசை. நான்கு பக்கமும், மூன்று நான்கு இடத்தில் இப்படிப் பாருங்கள். கணு இருந்தால் நார் அதைச் சுற்றி வளைந்து போகும். கணு முகத்தில் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கழுத்தில் வரவே கூடாது.

எங்கள் ஊர் சாமில்லில் துண்டு மரக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த செக்கச்சிவந்த துண்டைப் பிடுங்கிக் கீழே போட்டார். நிறம் மங்கிய இன்னொன்றை எடுத்து, அதன் விளிம்பில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். நகம் தானாகவே பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விளிம்பைவிட்டு விலகாமல் போனது. “தம்பி, இதக் கொண்டு போங்க” என்றார். இருபது ரூபாய் கொடுத்தேன். அந்தத் துடுப்பு இன்றும் வீட்டில் இருக்கிறது.

பிளப்பதா, அறுப்பதா

காற்றில் முறிந்த வேப்பங்கிளை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு சாண் விட்டமுள்ள, ஒன்றேமுக்கால் அடி நீளமுள்ள, கணு குறைவான துண்டு போதும். ரம்பம் நாரைப் பற்றிக் கவலைப்படாமல் நேராக அறுத்துக்கொண்டு போகும். பிளந்தால் மரம் தன் நாரின் வழியேதான் பிரியும். அதனால் முடிந்தவரை பிளந்து எடுங்கள்.

கட்டையை நிறுத்தி, கொடுவாளை அதன் வெட்டுமுகத்தில் நடு மையத்தின் குறுக்கே வைத்து, முதுகில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடியுங்கள். இரும்புச் சுத்தியல் வேண்டாம், கொடுவாள் சில்லுத் தெறிக்கும். விரிசல் ஓடத் தொடங்கியதும் அதில் மர ஆப்பு செருகி அடிக்கலாம். வேம்பு தேக்குபோல ஒரே அடியில் விரியாது. பின்னிய நார்கள் இடையில் பாலம் போட்டதுபோல நிற்கும். அவற்றை அரிவாள் நுனியால் வெட்டிவிட்டு மறுபடி ஆப்பை இறக்குங்கள். பாதியாகப் பிளந்தபின், பிளந்த முகத்துக்கு இணையாக, மையத்திலிருந்து ஒன்றரை இரண்டு செ.மீ. தள்ளி இன்னொரு முறை பிளந்து, வெளிப்பக்கத்துத் துண்டிலிருந்து ஒரு கனமான பலகை எடுங்கள். கிளையின் நடுமையம் அதில் இருக்கக் கூடாது. காயும்போது விரிசல் புறப்படும் இடம் அது. வளையங்களைச் சுற்றிவரும் திசையில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மையத்தை உள்ளே வைத்துக்கொண்டு அது எங்கே போகும், வெடித்துத்தான் ஆக வேண்டும்.

பச்சை மரம் செதுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும் என்பார்கள். வேம்பு அப்படி இல்லை. ஆனால் காய்ந்ததைவிட எவ்வளவோ மேல். பச்சையில் உருவத்தை முரட்டாக, எல்லாப் பக்கமும் 3, 4 மி.மீ. கூடுதலாக விட்டுச் செதுக்கி, வெட்டுமுனைகள் இரண்டிலும் மெழுகுவர்த்தியை உருக்கித் தடவி, செதுக்கிய சீவல்களோடு சேர்த்து செய்தித்தாளில் சுற்றி, நிழலில் வையுங்கள். வெயிலிலோ மின்விசிறிக்கு நேரேயோ வைத்தால் வெளிப்புறம் முதலில் சுருங்கி வெடிக்கும். முதல் வாரம் முழுக்கச் சுற்றி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. சாமில்லில் வாங்கிய பலகைக்கும் இதே சோதனைதான். ‘காஞ்ச மரம்தான்’ என்று சொல்லித்தான் தருவார்கள்.

கருவிகள்

கைரம்பம் ஒன்று. முக்கால் அல்லது ஒரு அங்குல உளி. கெட்டியான, நன்றாகச் சாணை பிடித்த குட்டைக் கத்தி. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் அரை வட்டமாகவும் உள்ள மர அரம். பலகையை மேசையோடு பிடித்துவைக்க இரண்டு சி-கிளாம்ப். உப்புத்தாள் 80, 120, 180, 320 எண்களில் ஒவ்வொன்று. இழைப்புளி இருந்தால் வசதி, இல்லாவிட்டால் அரமே போதும். மின்கருவி எதுவும் வேண்டாம். ஜிக்சா இருந்தால் வளைவு அறுக்கும் அரை மணி நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

கத்தி பிடிக்காத கையில் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மழுங்கிய கத்திதான் ஆபத்து. அதற்குப் பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும், தள்ளினால் வழுக்கும். செதுக்கும்போது நகத்தின்மேல் கூரை லேசாக வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மறுபடி தீட்டுங்கள்.

அளவும் அட்டையும்

கிளம்பும் பலகை: ஒன்றரை அடி நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம். முடிந்த துடுப்பு: மொத்த நீளம் 42 செ.மீ.; அதில் முகம் 16 செ.மீ. நீளம், அகன்ற இடத்தில் 6 செ.மீ. அகலம், கழுத்தில் அகலம் இரண்டரை செ.மீ., கனம் 2 செ.மீ.; காம்பு முட்டை வடிவக் குறுக்குவெட்டில் 2.4-க்கு 2 செ.மீ. இது நான்கைந்து பேருக்குக் களி கிண்டும் அளவு. உப்புமா, அல்வா, பால்கோவா கிண்ட மட்டும் என்றால் 32 செ.மீ. நீளம் போதும், கழுத்தின் கனத்தை ஒன்றரை செ.மீ. ஆக்கலாம்.

பழைய தினசரிக் காலண்டரின் அட்டையை எடுத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கத்து உருவத்தை மட்டும் வரையுங்கள். காகிதத்தில் படியெடுத்து மடித்து மறுபக்கத்துக்கும் மாற்றிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும்.

முகத்தின் நுனி வளைவைக் கண்ணளவில் போடாதீர்கள். உங்கள் பாத்திரத்தின் அடியிலிருந்து எடுங்கள். கட்டட வேலைக்குக் கம்பி கட்டும் கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி, பாத்திரத்தின் உட்புறம் அடியும் சுவரும் சேரும் மூலையில் அழுத்தி வளைத்து, அப்படியே அட்டைமேல் வைத்து வரையுங்கள். வலது கைக்காரர் என்றால் நுனியின் இடது மூலை அந்த வளைவோடு பொருந்த வேண்டும். மறு மூலை சற்று அதிகமாக உருண்டிருக்கட்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே வீட்டில் செய்யலாம். கடைத் துடுப்பு எல்லாப் பாத்திரத்துக்கும் பொது. உங்கள் துடுப்பு உங்கள் பாத்திரத்தின் மூலையில் அடிப்பிடிக்க விடாது.

அட்டையைப் பலகைமேல் வைக்கும்போது நடுக்கோடு பலகையின் ஓரத்துக்கு அல்ல, நாருக்கு இணையாக இருக்க வேண்டும். நார் சற்றுச் சாய்ந்திருந்தால் அட்டையையும் அதே அளவு சாய்த்து வையுங்கள். கொஞ்சம் மரம் வீணாகும், போகட்டும்.

அறுப்பது

முதலில் பலகையின் அகன்ற பக்கத்தில் வரைந்த உருவத்தை அறுத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுக்க வேண்டும். காம்பின் இரு பக்கத்தையும் நேராக ரம்பத்தால் இறக்கலாம். கழுத்தின் வளைவில் ரம்பம் திரும்பாது. அங்கே ஓரத்திலிருந்து கோட்டை நோக்கி, ஒரு விரல் இடைவெளியில் குறுக்கு வெட்டுகள் நாலைந்து போடுங்கள். ஒவ்வொரு வெட்டும் கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால் நின்றுவிட வேண்டும். அப்புறம் இடையில் உள்ள பற்களை உளியால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துவிடலாம். இந்தக் குறுக்கு வெட்டுகள் இல்லாமல் உளியை வைத்து அடித்தால், பிளவு கழுத்துக்குள் ஓடிவிடும்.

அடுத்து பக்கவாட்டு உருவம். பலகையின் விளிம்பில், கழுத்தில் 2 செ.மீ. கனத்தில் தொடங்கி நுனியில் 5 மி.மீ. வரை மெலிந்துபோகும் கோட்டை இரண்டு விளிம்பிலும் வரையுங்கள். மெலிவு நேராக வேண்டாம். முதல் பாதியில் மெதுவாகவும் நுனிப்பக்கம் சற்று வேகமாகவும் இறங்கட்டும். முகத்தின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் நடுவில் லேசான மேடு. மேட்டுப் பக்கம்தான் முதுகெலும்பு. இந்த மரத்தைக் கொடுவாளால் சீவி எடுக்கலாம், அல்லது மேலே சொன்ன மாதிரியே குறுக்கு வெட்டுகள் போட்டு உளியால் எடுக்கலாம்.

கழுத்து

எனக்குப் பிடித்த பகுதி. பாதித் துடுப்புகள் பாழாவதும் இங்கேதான்.

விதி ஒன்றே ஒன்று: மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் செதுக்க வேண்டும். முகத்தின் அகன்ற தோளிலிருந்து கழுத்தை நோக்கி வரும்போது கத்தி நாரைப் படுக்கவைத்துக்கொண்டே போகும். சீவல் சுருளாக வரும். கழுத்தின் அடிப்பள்ளத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டி ஒரு நூல் போனாலும், மறுபக்கம் ஏறும் நாரின் முனைக்குள் கத்தி நுழைந்து, சீவல் ஆழமாகப் பிய்ந்துகொள்ளும். துடுப்பைத் திருப்பிப் பிடித்து, காம்புப் பக்கத்திலிருந்து அதே பள்ளத்தை நோக்கி வாருங்கள். இரண்டு சீவலும் பள்ளத்தில் சந்தித்து உதிர வேண்டும்.

வேம்பில் ஒரு கூடுதல் தொல்லை. நார் பின்னி ஓடுவதால் ஒரே பக்கத்தில் ஒரு பட்டை வழுவழுப்பாக வரும், அதற்கு ஒட்டின பட்டை பிய்யும். அந்த இடத்தில் கத்தியோடு மல்லுக்கட்டாதீர்கள். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, தேங்காய் ஓட்டைச் சுரண்டுவதுபோலச் சுரண்டினால் மாவுபோல மெல்லிசாக வரும். அல்லது அரத்தின் அரை வட்டப் பக்கத்தைப் போட்டு, குறுக்காகச் சாய்த்துத் தேய்த்து இறக்குங்கள். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் பிய்யாது.

உட்கார்ந்து செதுக்கும்போது முழங்கைகளை முழங்கால்களுக்கு முன்னே கொண்டுவந்து, துடுப்பை உடம்பிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். கத்தி வழுக்கினால் காற்றில் போகட்டும், தொடையில் வேண்டாம். உதவிக்குப் பிள்ளைகள் வந்து எதிரே உட்காருவார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

கழுத்தில் கூர்மையான மூலை எதுவும் மிஞ்சக் கூடாது. முகமும் காம்பும் சேரும் இடம் எலுமிச்சம்பழத்தின் வளைவைவிடத் தளர்வாக இருக்கட்டும். கூர்மூலை இருந்தால் பாரம் அங்கே குவியும். விரிசலுக்கு அதுவே வாசல். விரலை வைத்து மேலிருந்து கீழே தடவுங்கள். எங்கேயாவது விரல் தடுக்கினால் அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

காம்பை நான்கு முனையையும் தட்டி எட்டு முனையாக்கி, அதையும் தட்டினால் தானாக உருண்டுவரும். முழு உருளையாக ஆக்கிவிடாதீர்கள். முட்டை வடிவத்தில் இருந்தால்தான் ஈரக்கையில் சுழலாது. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பானைக்குள் பார்க்காமலேயே கைக்குத் தெரியும். கடைசி இரண்டு அங்குலத்தைச் சற்றுப் பருமனாக விடுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு சோதனை. துடுப்பின் நுனியைத் தரையில் ஊன்றி, காம்பைப் பிடித்துப் பாதி உடம்புப் பாரத்தைச் சாய்த்து அழுத்துங்கள். லேசாக நெளிந்து மீண்டும் நிமிர வேண்டும். ‘கிரீச்’ என்று சத்தம் வந்தால் உள்ளே எங்கோ நார் விட்டிருக்கிறது. உப்புத்தாளில் நேரம் செலவழிப்பதற்கு முன்னாலேயே அது தெரிந்துவிடுவது நல்லது.

தேய்ப்பது

80-ஆம் எண் உப்புத்தாளில் அரத்தின் கோடுகள் போகும்வரை, 120-இல் 80-இன் கீறல் போகும்வரை, அப்புறம் 180. எப்போதும் நாரின் திசையிலேயே தேயுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வேப்பந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் நன்றாக வேலையைக் காட்டும்.

180 முடிந்ததும் துடுப்பை ஈரத்துணியால் முழுக்க நனைத்துக் காயவையுங்கள். வழவழப்பாக இருந்ததெல்லாம் மறுபடி சொரசொரவென்று ஆகியிருக்கும். அமுங்கிக் கிடந்த நார்முனைகள் தண்ணீர் பட்டதும் எழுந்து நிற்கின்றன. 320-ஆம் எண் தாளால் மெல்ல வருடி அவற்றை மட்டும் எடுங்கள். மறுபடி நனைத்து, காயவைத்து, வருடுங்கள். மூன்றாம் முறை நனைத்தபிறகு சொரசொரப்பு வராது. இதைத் தவிர்த்தால் முதல் களியிலேயே அந்த வேலையைக் களி செய்யும். நார்த்தூள் யார் தட்டில் என்று சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய்

அம்மாவின் பழைய துடுப்பு எண்ணெயைக் கண்டதே இல்லை, இருபது வருடம் இருந்தது. எண்ணெய் கட்டாயமில்லை. பூசினால் தண்ணீர் சீக்கிரம் ஊறாது, மஞ்சள் கறை ஒட்டுவது குறையும்.

எல்லோரும் முதலில் கேட்பது தேங்காய் எண்ணெய். பூசலாம். ஆனால் அது மரத்துக்குள் எண்ணெயாகவே இருக்கும், காய்ந்து இறுகாது. கழுவக் கழுவப் போய்விடும். மெல்லிசாக அடிக்கடி பூசுவதானால் சரி. நல்லெண்ணெய் பாதி காய்ந்து பிசுபிசுப்பாக நிற்கும், வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகும். எனக்கு அதுதான் பிடிக்கும். உணவுக்கென்று விற்கும் ஆளிவிதை எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். பெயின்ட் கடையில் கிடைப்பதில் சீக்கிரம் காய உலோக உப்புகள் கலந்திருக்கலாம்.

துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து ஊறாமல் நிற்பதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மூன்று நாள் காயவிட்டு இன்னொரு பூச்சு. மொத்தம் மூன்று. கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று வாரம் பொறுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. இறுகும்போது அது சூடு கக்கும். சுருட்டிக் கிடக்கும் துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெட்டவெளியில் விரித்துக் காயவைத்து, அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள்.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் பூசலாம். மலச்சிக்கலுக்குக் கொடுப்பது, கெட்டுப்போகாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து, நான்கு பங்கு பாரஃபினில் ஒரு பங்கு தேன்மெழுகை உருக்கி ஆறவைத்தால் நல்ல களிம்பு கிடைக்கும். மாதம் ஒருமுறை தடவினால் போதும்.

பானைக்குள்

முதல் சமையலுக்கு முன் துடுப்பின்மேல் சுடுதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, கொட்டி, இன்னொரு முறை ஊற்றுங்கள். வேம்பின் வாடை பெரும்பாலும் இதிலேயே இறங்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு அவிக்காதீர்கள். முதல் களியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் நீங்களே ருசி பார்த்துவிடுங்கள்.

தினமும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ஊறப் போடக் கூடாது. களி காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரத்துணியைச் சுற்றி அரை மணி நேரம் வைத்தால் உரிந்து வரும். கழுவியதும் காம்பு கீழே, முகம் மேலே இருக்க நிறுத்திவையுங்கள். மழைக்காலத்தில் கறுப்புப் புள்ளி தோன்றினால் 180-ஆம் எண் தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, நிழலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி எண்ணெய் பூசுங்கள். முகத்தில் விரிசல் வந்துவிட்டால் மட்டும் இரக்கம் பார்க்காமல் அடுப்புக்குப் போட்டுவிடுங்கள். விரிசலுக்குள் மாவு தங்கும். கழுவி எடுக்க முடியாது.

ஆறேழு மாதத்தில் ஒன்றைக் கவனிப்பீர்கள். நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும். எங்கள் வீட்டுத் துடுப்பில் இடது மூலை தேய்ந்து, வலது மூலை அப்படியே இருக்கிறது. அம்மா வலது கைக்காரர். அதைச் சரிசெய்து நேராக்க ஒருமுறை அரத்தை எடுத்தேன். அம்மா துடுப்பை வாங்கி மறைத்து வைத்துவிட்டார். அந்தச் சாய்வு இப்போது அவருடைய பானையின் மூலைக்கு நான் கட்டுக்கம்பியில் எடுத்த வளைவைவிடச் சரியாகப் பொருந்துகிறதாம். அடுத்த துடுப்புக்கு அட்டை வெட்டும்போது கட்டுக்கம்பியை விட்டுவிட்டு, தேய்ந்த அந்த நுனியையே அட்டைமேல் வைத்து வரைந்துகொண்டேன்.